செவ்வந்தி எரித்த நாற்பத்தெட்டு எண்கள்

கீழக்கரையில் நடந்த ஒரு கல்யாணத்தின் முழுக் கதையும் யாருக்குத் தெரியும் என்று கேட்டால் மாப்பிள்ளையைச் சொல்ல முடியாது. அவர் ஆண்கள் பக்கத்தை மட்டும் பார்த்தவர். மணப்பெண்ணையும் சொல்ல முடியாது. அவள் முக்காட்டுக்குள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தவள். பெண்கள் பக்கத்தில் யார் யாருக்கு மருதாணி இட்டார்கள், எந்தச் சின்னம்மா யாரோடு பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார், பிரியாணிச் சட்டியை எந்த மாமி முதலில் திறந்து பார்த்தார் என்பது வரை தெரிந்த ஒரே ஆள் செவ்வந்திதான். ஆனால் அவள் வாயைத் திறந்து ஒரு சொல்லைப் பிடுங்கிவிட முடியாது. எத்தனையோ பேர் முயன்று பார்த்து, அவள் கொடுத்த டீயை மட்டும் குடித்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள்.

திருப்புல்லாணிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், மிளகாய் போட்டுப் பிழைத்த வீரையாவின் மூன்றாவது மகள் அவள். இருபது வயதில் கீழக்கரையில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்த தனுஷ்கோடிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். தனுஷ்கோடி தங்கமான மனிதர். நல்ல போட்டோகிராபர் என்று சொன்னால் அவருக்கே சிரிப்பு வந்துவிடும். பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்க வந்தவர்களில் பாதிப் பேரைக் கண் மூடிய கோலத்தில் துபாய்க்கு அனுப்பப் பார்த்தவர் அவர். படத்தைக் கழுவிக் கொடுக்க உதவிக்கு நின்ற செவ்வந்தி, ஆறே மாதத்தில் கேமராவைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டாள். அவரும் நிம்மதியாகக் கல்லாவில் உட்கார்ந்துவிட்டார்.

வீடியோ கேமரா வந்த பிறகுதான் அவளுக்குக் காலம் பிறந்தது. அந்த ஊர்க் கல்யாண வீடுகளில் பெண்கள் பக்கத்துக்கு ஆண் யாரும் போகக் கூடாது. நினைவுக்கு ஒரு படம் வேண்டும் என்ற ஆசை மட்டும் பெண்களுக்கும் இருக்காதா? செவ்வந்தி கேமராவைத் தோளில் போட்டுக்கொண்டு முதல் வீட்டுக்குள் நுழைந்தபோது கிழவிகள்கூட முடியைச் சரிசெய்துகொண்டார்கள். அன்றே அவளிடம் ஒரு வாக்கும் வாங்கிக்கொண்டார்கள். இந்தப் படத்தை ஆண் எவனும் பார்க்கக் கூடாது. அந்த வீட்டுக்குக் கொடுக்கும் ஒரு பிரதியைத் தவிர உலகத்தில் வேறு பிரதி இருக்கக் கூடாது.

செவ்வந்தி அந்த வாக்கைத் தன் புருஷனிலிருந்தே தொடங்கினாள். ஸ்டுடியோவின் பின்னறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டுதான் படத்தை வெட்டி ஒட்டுவாள். தனுஷ்கோடி டீ கொண்டுவந்தால் டம்ளரை வாசலில் வைத்துவிட்டுக் கதவைத் தட்டிவிட்டுப் போக வேண்டும்.

“ஏன்டி, நான் நீ கட்டுன புருசன்டி. எங்கிட்டயுமா?”

“கட்டுன புருசன் என்னையப் பாருங்க. அவுக வீட்டுப் பொம்பளைகளப் பாத்து என்ன செய்யப் போறீக?”

ஊரே கொண்டாடிய மனைவியின் கைவேலையில் ஒரு நிமிடத்தைக்கூட அவர் பார்த்ததில்லை. “என் பொண்டாட்டி எடுத்தா சினிமா தோத்துப்போகும்” என்று கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் அளப்பார். எப்படித் தெரியும் என்று யாராவது கேட்டால், “கதவு வழியா சத்தம் கேக்கும்ல” என்பார்.

கேசட் போய்க் குறுந்தகடு வந்தது, குறுந்தகடோடு கம்ப்யூட்டர் வந்தது, கம்ப்யூட்டரோடு பயமும் வந்தது. கேசட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டினால் தீர்ந்தது. கம்ப்யூட்டருக்குள் இருப்பதை எதில் வைத்துப் பூட்டுவது? வேறு ஊரில் ரிப்பேருக்குக் கொடுத்த கம்ப்யூட்டரிலிருந்து ஒரு வீட்டுக் கல்யாணப் படங்களை எவனோ எடுத்துச் செல்போன்களில் சுற்றவிட்டுவிட்டான் என்று 2006இல் ஒரு பேச்சு வந்தது. அது உண்மையோ பொய்யோ, கீழக்கரையில் வீடு வீடாக வீடியோ வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த வருடம் செவ்வந்திக்கு மூன்றே கல்யாணம்.

அவளை விடாமல் கூப்பிட்ட வீடுகளில் ஒன்று குல்சும் பீவியின் வீடு. புருஷன் போன பிறகு ஒற்றைப் பெண் மைமூனைத் தனியாளாக வளர்த்தவர் குல்சும். செவ்வந்தி அவரை அந்த ஊர் வழக்கப்படி லாத்தா என்பாள், அக்கா என்று அர்த்தம். அந்த லாத்தாவே ஒருநாள் கேட்டுவிட்டார்.

“நீ காட்ட மாட்ட புள்ள, எனக்குத் தெரியும். ஒன் கம்ப்யூட்டர் காட்டாதுன்னு யாரு சொன்னது?”

செவ்வந்தி அந்தக் கேள்வியை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனாள்.

பதிலைக் கொண்டுவந்தவர் குல்சுமின் தம்பி ஹாஜா முகைதீன். துபாயில் ஒரு அலுவலகத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்தவர், 2007இல் லீவில் வந்தபோது அலுவலகம் கழித்துவிட்ட ஒரு லேப்டாப்பைக் கொண்டுவந்தார். பார்க்கச் செங்கல் போல இருந்தது. ஆனால் அதன் வயிற்றுக்குள் ஒரு பாதுகாப்புச் சில்லு இருந்தது.

“நல்லா கேட்டுக்கங்க” என்றார் ஹாஜா, பாடம் நடத்துகிற உற்சாகத்தில். “உள்ள இருக்குற படம் பூராவையும் இது கலைச்சுப் போட்டுத்தான் வைக்கும். அதத் திருப்பி அடுக்குற ரகசியம் இந்தச் சில்லுக்கு மட்டுந்தான் தெரியும். மிஷினு தொறக்கும்போது நம்ம மிஷின்தானா, எவனும் கைவச்சிருக்கானான்னு பாக்கும். சரியா இருந்தாத்தான் அடுக்கிக் குடுக்கும். திருடன் ஹார்டு டிஸ்க்கக் கழட்டி வேற மிஷின்ல மாட்டுனான்னா அவனுக்குக் குப்பைதான் கெடைக்கும்.”

“எங்க வீட்டுக்காரரு தொறந்தா?”

“ஒங்க பாஸ்வேர்டு தெரியலைன்னா மச்சானுக்கும் குப்பைதான்.”

செவ்வந்திக்கு அந்தச் சில்லின் மீது அப்போதே பாசம் வந்துவிட்டது. தன்னைப் போலவே ஒன்று, வாயை மூடிக்கொண்டு ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது!

பூட்டைப் போட்டு முடிக்கும்போது அந்தக் கம்ப்யூட்டர் நாற்பத்தெட்டு எண்களைக் கொடுத்தது. சில்லுக்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்த எண்களை அடித்தால் திறக்கும். ஹாஜா அதைத் தாளில் எடுத்துக் கொடுத்து, வீட்டில் வைக்காமல் வேறு எங்காவது பத்திரமாக வைக்கச் சொல்லிவிட்டு விமானம் ஏறினார்.

செவ்வந்தி அந்தத் தாளோடு இரண்டு நாள் பட்ட பாடு கொஞ்சமில்லை. பீரோவில் வைத்தாள். பீரோ சாவி புருஷனிடமும் இருக்கிறதே என்று எடுத்தாள். சாமி படத்துக்குப் பின்னால் செருகினாள். வெள்ளையடிக்க வருகிறவன் எடுத்துவிடுவானே என்று அதையும் எடுத்தாள். யோசிக்க யோசிக்க அவளுக்கு ஒன்று உறைத்தது. பூட்டைத் திறக்கிற தாள் ஒன்று வெளியே இருக்குமானால், அதுவும் ஒரு பிரதிதானே? பிரதி வைத்துக்கொள்ள மாட்டேன் என்றல்லவா வாக்குக் கொடுத்திருக்கிறாள்?

வெள்ளிக்கிழமை மத்தியானம், தொழுகை முடிந்து பெண்கள் கூடியிருந்த நேரத்தில், குல்சும் வீட்டு அடுப்படிக்குப் போனாள். நடந்ததை எல்லோருக்கும் சொன்னாள். பிறகு அந்தத் தாளை எல்லோர் கண்முன்னும் அடுப்பில் போட்டாள்.

“இனிமே இந்த மிஷினத் தவிர எதுலயும் எதையும் தொறக்க ஏலாது. எனக்கும் ஏலாது” என்றாள்.

குல்சும் அவள் கன்னத்தைத் தடவி, “ஒன்னைய மாதிரி ஒருத்தி வேணும் புள்ள” என்றார். செவ்வந்தி சாவியை எரித்துவிட்டாள் என்ற செய்தி சாயங்காலத்துக்குள் எல்லாத் தெருவுக்கும் போய்விட்டது. அடுத்த மாதமே ஆறு கல்யாணம் வந்தது. இப்படி ஒரு காரியத்தைக் கம்ப்யூட்டர் படித்தவர் யாரும் செய்திருக்க மாட்டார்கள் என்பது உண்மைதான். கம்ப்யூட்டர் படித்தவர்களை நம்பி எந்த வீட்டுப் பெண்ணும் முக்காட்டை விலக்கியதில்லை என்பதும் உண்மை.

அவள் வேலை முறை அதற்குப் பின் இன்னும் இறுகியது. கேமராவில் எடுத்ததை லேப்டாப்பில் ஏற்றியதும் கேமராவில் இருப்பதை வீட்டார் முன்னாலேயே அழிப்பாள். தகடு கொடுத்ததும் லேப்டாப்பில் இருப்பதையும் அழிப்பாள். நடுவில் இருக்கும் இரண்டு வாரம் மட்டும் அந்தக் கல்யாணம் முழுக்கச் சில்லின் காவலில் இருக்கும்.

2008 டிசம்பரில் மைமூனுக்குக் கல்யாணம் வைத்தார்கள். மாப்பிள்ளைக்கு முப்பது நாள் லீவு. கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது குல்சும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். மதுரைக்குக் கொண்டுபோனார்கள். உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். கல்யாணத்தைத் தள்ளிவைப்போம் என்று எல்லோரும் சொல்ல, குல்சும் ஒரே பிடியாக நின்றார். லீவு முடிந்தால் மாப்பிள்ளை இனி ஒன்றரை வருடம் கழித்துத்தான் வருவார். குறித்த நாளில் நடக்கட்டும் என்று சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரியிலிருந்து செவ்வந்திக்குப் போன் போட்டார்.

“புள்ள, நீ இருக்கேன்ற தைரியத்துலதான் சொல்லிட்டேன். ஒன்னு விடாம எடு. நான் வந்து அதுலதான் என் மக கல்யாணத்தப் பாக்கணும்.”

செவ்வந்தி தன் வாழ்நாளில் எந்தக் கல்யாணத்தையும் அப்படி எடுத்ததில்லை. காலையில் ஒரு இட்லி தின்றவள் இரவு வரை பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. லேப்டாப்பில் ஏற்றிவிட்டு, வழக்கம் போலக் கேமராவில் இருந்ததை மைமூன் முன்னாலேயே அழித்துக் காட்டினாள். பின்னறையில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து அடுக்கினாள்.

பன்னிரண்டாம் நாள் காலை லேப்டாப் எழுந்திருக்கவில்லை. பொத்தானை அமுக்கினாள், விளக்கு எரியவில்லை. மறுபடி அமுக்கினாள். அவள் போட்ட சத்தத்தில் தனுஷ்கோடி ஓடிவந்து, பழக்கத்தில் வாசலிலேயே நின்று கதவைத் தட்டினார்.

“உள்ள வாங்க” என்றாள். “பாக்குறதுக்கு ஒன்னுமில்ல.”

ஹாஜாவுக்குப் போன் போட்டார்கள். போர்டை மாற்றினால் கம்ப்யூட்டர் ஓடும், ஆனால் புதுப் போர்டில் புதுச் சில்லு இருக்கும், அதற்கு இந்தப் படத்தை அடுக்கத் தெரியாது என்றார் அவர். “அந்த நம்பர் தாள் இருக்குல்ல? அத அடிங்க, முடிஞ்சுச்சு.”

செவ்வந்தி போனைப் புருஷன் கையில் கொடுத்துவிட்டாள். அவர்தான் மென்று விழுங்கிச் சொன்னார்.

கடைசி முயற்சியாகப் பாம்பனுக்குப் போனார்கள். செபஸ்தியான் என்று ஒருவர் அங்கே படகுகளின் வயர்லெஸ் பெட்டிகளையும் ஆழம் பார்க்கும் கருவிகளையும் பழுது பார்ப்பார். உப்பு தின்ற போர்டைப் பிழைக்கவைப்பதில் கெட்டிக்காரர். அவர் திருகாணிகளைக் கழற்றும்போது செவ்வந்தி ஸ்டூலைப் போட்டு ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.

“யக்கா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க. இதுல ஒன்னுந்தெரியாது. வெளக்கே எரியல.”

“எரிஞ்சா?”

“எரிஞ்சா நான் கண்ண மூடிக்கிறேன், போதுமா?”

ஸ்பிரிட் தொட்டுப் பிரஷால் துடைத்துத் துடைத்து மத்தியானம் வரை பார்த்தார். இரண்டு வருடக் கடல்காற்று போர்டைப் பச்சையாக்கியிருந்தது. பூதக்கண்ணாடியைக் கொடுத்து அவளையே பார்க்கச் சொன்னார். சில்லின் கால்கள் இருந்த இடத்தில் பச்சைத் தூள்தான் இருந்தது.

“மத்ததெல்லாம் சரிபண்ணலாம் யக்கா. உப்பு சில்லுக்குள்ளயே போயிருச்சு. இது செத்துப்போச்சு.”

பாலத்தில் பஸ் வரும்போது செவ்வந்தி அழுதாள். தனுஷ்கோடி என்ன சொல்வதென்று தெரியாமல் அவள் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். “கேமரா ரிப்பேருன்னு சொல்லிருவோம். நான் சொல்றேன், என் தப்புன்னு சொல்றேன். ஊருல நம்புவாங்க, என் லச்சணந்தான் தெரியுமே” என்றார். அந்த நேரத்திலும் அவளுக்கு அவர் மீது பாசம் பொங்கியது.

“வேணாம்” என்றாள். “நானே போய்ச் சொல்றேன்.”

ஜனவரியில் குல்சும் வீடு வந்து சேர்ந்தார். மாப்பிள்ளை அதற்குள் விமானம் ஏறிவிட்டார். ஊர் வழக்கப்படி மைமூன் தாய் வீட்டிலேயே இருந்தாள். செவ்வந்தி போனபோது குல்சும் தலையணையில் சாய்ந்திருந்தார். பாதியாக இளைத்திருந்தார். கட்டிலுக்கு எதிரே டி.வி.யும், தகடு போடும் பெட்டியும், தூசி துடைத்துத் தயாராக இருந்தன.

அதைப் பார்த்ததும் செவ்வந்தி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். லேப்டாப் செத்தது, பாம்பன் போனது, எண்கள் இல்லாமல் இனி எவராலும் திறக்க முடியாது என்பது.

“நான் ஒங்க நம்பிக்கையக் காப்பாத்துறேன்னு ஒங்க மக கல்யாணத்தையே அழிச்சிட்டேன் லாத்தா.”

குல்சும் கண்ணை மூடிக்கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். கண்ணைத் திறக்காமலே, “எரிக்கும்போது நானுந்தானே பக்கத்துல நின்னேன். நானுந்தானே சந்தோசப்பட்டேன்” என்றார். அவர் கண்ணோரத்திலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போனது.

“வர்றவுகள எல்லாம் கேக்குறேன் புள்ள. கல்யாணம் ஜோரா நடந்துச்சு, ஒரு கொறையும் இல்லங்குறாங்க. மைமூன் சிரிச்ச மொகமாவே இருந்தாளாம். எல்லாரும் அதையேதான் சொல்றாங்க. கொறையே இல்லையாம்.” அவர் குரல் மங்கியது. “நல்லதுதானே. அதுதானே வேணும். நீயாச்சும் ஒழுங்காச் சொல்லு. நீதான் எல்லாத்தையும் பாத்தவ.”

செவ்வந்தி கட்டில் அருகே தரையில் உட்கார்ந்தாள். பதினான்கு வருடமாகப் பார்த்ததை வெளியில் சொல்லாதவளுக்கு முதல் வாக்கியம் வரவே இல்லை. பிறகு, “காலைல அஞ்சே முக்காலுக்கு மைமூனக் குளிப்பாட்டுனாங்க” என்று ஆரம்பித்தாள்.

ஆரம்பித்ததும் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. எல்லாமே வரிசையாக வந்தது. நீலப் பட்டா, பச்சைப் பட்டா என்று கடைசி நேரத்தில் நடந்த தகராறு. மருதாணி இடது கையில் கலைந்து அதைச் சரிசெய்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் தாலியாகக் கருகமணி கட்ட வந்தபோது ஒருத்தி கால் தடுக்கி மாமியார் மடியிலேயே விழுந்தது. குல்சும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “மெல்ல, மெல்லச் சொல்லு. தையல் பிரிஞ்சிரும்.”

“கருகமணி கட்டி முடிஞ்சிச்சு. அப்புறம்…” என்று செவ்வந்தி நிறுத்தினாள்.

“அப்புறம்?”

அப்புறம் நடந்தது எந்தப் படத்திலும் இருந்திருக்காது. மைமூன் சபையை விட்டு எழுந்து, இந்த அறைக்கு வந்து, உம்மாவின் பீரோவைத் திறந்தாள். மடித்துவைத்த புடவைகளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பினாள். பின்னாலேயே வந்த செவ்வந்தியைப் பார்த்ததும், “எடுக்காதீங்கக்கா. உம்மாவுக்குத் தெரிஞ்சா நெஞ்சு தாங்காது. சத்தியமாச் சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க” என்றாள். செவ்வந்தி கேமராவை இறக்கினாள். சத்தியமும் செய்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு போன மைமூன் அதற்குப் பின் நாள் முழுக்கச் சிரித்த முகமாகவே இருந்தாள்.

செவ்வந்தி இதுவரை எந்த வீட்டுச் சத்தியத்தையும் மீறியதில்லை. இதையும் மீறக் கூடாது என்றுதான் நினைத்தாள். ஆனால் தாயை நோகாமல் காப்பதற்கென்று மகள் போட்ட பூட்டு அது. அது இப்போது எதிரே அந்தத் தாயின் கழுத்தைத்தான் நெரித்துக்கொண்டிருந்தது. ஒரு சில்லுக்கு அது தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மனுஷிக்குத் தெரியத்தான் செய்தது.

“மைமூன் அழுதா லாத்தா” என்றாள்.

குல்சும் மெல்லத் தலையைத் திருப்பினார்.

“இந்த ரூமுக்குள்ளதான். ஒங்க சேலைல மொகத்த வச்சுக்கிட்டு. தேம்பித் தேம்பி அழுதா. ஒங்களுக்குச் சொல்லக் கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்குனா.”

“நெறைய அழுதாளா?”

“நெறைய.”

“எம்புட்டு நேரம்?”

“கா மணி நேரம் இருக்கும்.”

குல்சும் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. செவ்வந்தி பதறிப்போய் எழுந்தாள். ஆனால் கையை எடுத்தபோது அந்த முகத்தில், ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து யாரும் பார்த்திராத ஒரு வெளிச்சம் இருந்தது.

“அல்ஹம்துலில்லாஹ்” என்றார். “நான் இல்லாதது அவளுக்குத் தெரியவே இல்லையோன்னு நெனச்சுக் கெடந்தேன் புள்ள. ஒரு மாசமா.”

பிறகு அடுப்படிப் பக்கம் பார்த்து, உடம்பில் இருந்த தெம்பை எல்லாம் கூட்டி, “மைமூன், இங்கன வாம்மா” என்று கூப்பிட்டார்.

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்த மைமூன் உம்மாவின் முகத்தையும் செவ்வந்தியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. குல்சும் கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

செவ்வந்தி அதற்கு மேல் பார்க்கவில்லை. வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.